டெல்மர் நிமிர்த்திய தகடு

டெல்மர் கிரைடர் பத்தொன்பது வருஷமாகப் பந்தயக் கார் ஓட்டுகிறான். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அப்படிச் சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஜெயிக்க விடல" என்று திருத்துவான். விடாதவர்களை எண்ணக் கை விரல் போதாது. டயர் மட்டமான டயர், முன்னால் போனவன் குறுக்கே வந்தான், கொடி காட்டுகிறவனுக்குக் கண் அவிந்துவிட்டது, நாலாவது வளைவில் வெயில் முகத்தில் அடித்தது. ஒரு வருஷம் பெண்டாட்டி ரொவீனா கட்டிக் கொடுத்த சாண்ட்விச் வயிற்றைக் கலக்கிவிட்டது என்றான். அதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

அவன் காருக்குத் தலைமை மெக்கானிக் ரொவீனாவின் அண்ணன் வெர்லின். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த பாவத்துக்கு, அவளுடைய புருஷனுக்கு வாரா வாரம் எஞ்சினும் இறக்கி ஏற்றிக் கொடுத்தான். வர்ஜீனியா மலைப்பக்கத்தில் அவன் கையில் எஞ்சின் பேசும் என்பார்கள். அந்த எஞ்சினை டெல்மர் பன்னிரண்டாவதாகவும் இருபதாவதாகவும் கொண்டுவந்து நிறுத்துவான். கூடவே வாயும் ஓயாது.

அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை ஸ்டோனி ரிட்ஜில் நானூறு சுற்றுப் பந்தயம். அரை மைல் வட்டம், முப்பது கார், ஒன்றை ஒன்று இடிக்காமல் திரும்பவே முடியாத தடம். அறுபதாவது சுற்றிலேயே டெல்மர் சுவரில் உரசி, இடது முன்பக்கத் தகட்டை உள்ளே வாங்கிக்கொண்டான். "சுவரு வந்து இடிச்சிருச்சு" என்று ரேடியோவில் சொல்லாததுதான் பாக்கி.

இருநூற்று முப்பத்தொன்றாவது சுற்றில் யாரோ இருவர் மோதிக்கொள்ள, யாரும் முந்தாமல் மெதுவாகப் போகச் சொல்லும் மஞ்சள் கொடி விழுந்தது. முன்னால் இருந்த பதின்மூன்று பேரும் டயர் மாற்ற உள்ளே திரும்பினார்கள்.

"மச்சான், நானும் வந்துரட்டா?" என்று ரேடியோவில் கேட்டான் டெல்மர்.

"வராத. மேல பாரு."

மலைக்கு மேலே வானம் கறுத்துக் கிடந்தது. பாதிப் பந்தயம் தாண்டி மழை பிடித்து, அத்தோடு ஆட்டம் நின்றுபோனால், அப்போது முன்னால் இருப்பவனுக்குத்தான் கோப்பை. வெர்லின் கணக்குத் தப்பவில்லை. பதினாலாவது ஆள் முதல் ஆளானான், மூன்றே சுற்றில் மழை கொட்டியது. சிவப்புக் கொடி காட்டி, கார்களை எல்லாம் தடத்திலேயே வரிசையாக நிறுத்தினார்கள். சிவப்புக் கொடி இருக்கும்வரை யாரும் காரில் எந்த வேலையும் செய்யக் கூடாது. அங்கே பாப்கார்ன் விற்கிறவனுக்குக்கூட அந்தச் சட்டம் தெரியும்.

"மாப்ள, பேசாம உள்ளயே உக்காரு," என்றான் வெர்லின். "மூச்சு விடு, போதும். வேற எதுவும் செய்யாத."

"நேத்துப் பொறந்தவன்கிட்ட பேசுற மாதிரி பேசாத மச்சான்."

வெர்லினுக்கு ஆசை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. இந்த மனுஷனை நம்பக் கூடாது என்று பத்தொன்பது வருஷம் பாடம் படித்தவன், இப்போது தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதிக்கொண்டு, கோப்பையோடு போட்டோவில் எந்தப் பக்கம் நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

டிவிக்காரர்கள் குடையோடு வந்தார்கள். குடையைக் கண்டதும் டெல்மர் ஜன்னல் வழியாக வெளியே குதித்தான். இறங்குவது தப்பில்லை. வாய் திறப்பதும் தப்பில்லை, கேட்கிறவர்கள் பாடுதான் கஷ்டம்.

"இந்த ஆட்டத்துக்குப் பொறுமை வேணுங்க," என்றான். "அது என்கிட்ட நெறைய இருக்கு."

கேமரா காரின் பக்கம் திரும்பியது. நசுங்கின தகடு டெல்மரின் கண்ணில் பட்டது. "இருங்க, இது டிவில பாக்க அசிங்கமா இருக்கும்," என்று சொல்லி, டயரில் ஒரு காலை ஊன்றி, தகட்டை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்தான். கிறீச்சென்ற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற வெர்லினுக்கே கேட்டது. நாலடி தள்ளி வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி நின்றிருந்தார்.

"கைய எடுங்க, கிரைடர்."

"போட்டோவுக்குத்தாங்க."

"செவப்புக் கொடி நிக்குது, நீங்க காருக்கு வேலை பாக்கறீங்க. கடைசிக்குப் போங்க."

அவன் காரை வரிசையின் வாலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, மழை விடாது என்று பந்தயத்தை முடித்தார்கள். இரண்டாவதாக நின்றவன் கோப்பையை வாங்கினான். நடுவிலேயே நொறுங்கி நின்றுபோன நாலு காரைத் தள்ளினால், கிரைடருக்குக் கடைசி இடம், இருபத்தாறாவது.

வீட்டுக்குத் திரும்பும்போது லாரியில் இருவரும்தான்.

"மழை மட்டும் வராம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான் டெல்மர்.

"வரலன்னா நீ பதினாலு, மாப்ள."

டெல்மர் கண்ணாடியைத் துடைத்தான். துடைக்க ஒன்றும் இல்லை, மழை வெளியே. "ஆனாலும் கொஞ்ச நேரம் மொத ஆளா இருந்தேன்ல, மச்சான்?"

வெர்லின் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உன்னை அங்க கொண்டுபோய் வச்சது நான். நீ சும்மா உக்காந்திருந்தாப் போதும். அது உன்னால முடியல."