பாயியின் பீரியட்

புனேயில் மராட்டிப் பள்ளிக்கூடத்தில் டீச்சரை ‘பாயி’ என்று கூப்பிடுவார்கள். மரியாதையான சொல். வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவளையும் ‘பாயி’ என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதில் குழப்பம் வராது. எனக்கும் வந்ததில்லை, போன ஞாயிற்றுக்கிழமை வரை.

கேம்ப் பக்கம் ஒரு மராட்டி ஹைஸ்கூலில் நான் தையல் டீச்சர். படிப்பு பத்தாவது, அப்புறம் தையல் சர்ட்டிபிகேட். அது போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். எட்டு, ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு வாரம் இரண்டு பீரியட். பையன்களும் தைக்க வேண்டும். பட்டன், காஜா, ஓரம் மடித்து அடிப்பது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது. முப்பத்தோரு வருஷம் செய்தேன். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகிறது.

ஒரே வருஷத்தில் பத்தாவது முடித்த பிள்ளைகள் ஒன்றாகக் கூடி, பழைய டீச்சர்களைக் கூப்பிட்டார்கள். இடம் பாணேரில், ஒருத்தியின் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ். அவள் நம்ம தமிழ்ப் பெண். கோர்படி ரயில்வே காலனியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவள். வீட்டில் என்னை அத்தை என்பாள், ஸ்கூலில் பாயி என்பாள். போன் பண்ணினாள்.

“அத்தே, ஒவ்வொரு டீச்சரும் அஞ்சு நிமிஷம் பேசணும். கிளாஸ் எப்படி எடுத்தீங்க, இன்னா கஷ்டப்பட்டீங்க, அந்த மாதிரி.”

“நானுமா?”

“பின்னே? நீங்க டீச்சர் இல்லியா இன்னா?”

அதற்காகத்தான் போனேன். ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் மேடைத் திரை தைத்திருக்கிறேன். அந்த மேடையில் ஒரு நாளும் என்னைப் பேசச் சொன்னதில்லை. இப்போது டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். நாலு வரி எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். காட்டுவதற்கு ஒரு பழைய துணி எடுத்துக்கொண்டேன். ஒரு பெண் ஒன்பதாவதில் தைத்த காஜாக்கள், வரிசையாகப் பத்து. அவ்வளவு நல்ல காஜா எந்தப் பிள்ளையும் எனக்குத் தைத்துக் காட்டியதில்லை.

பாணேர் கேட்டில் வாட்ச்மேன் போனைப் பார்த்தான்.

“பாயி? உதர் சே ஜாவோ. சர்வீஸ் லிஃப்ட்.” பின்பக்கமாகப் போகச் சொல்லிக் கை காட்டினான்.

பையைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். மூக்குக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில், துணி. போகும்போதும் காட்டவேண்டும் என்றான்.

நான் கெஸ்ட் என்று சொன்னேன். “இதில் பாயி என்று போட்டிருக்கிறதே, நான் என்ன செய்ய மௌசி?” என்று ஹிந்தியில், சித்தி முறை சொல்லிக் கேட்டான். அவன் கேட்டதும் சரிதான்.

சர்வீஸ் லிஃப்டில் இரண்டு குப்பை டப்பா, ஒரு நாய், நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். நாய்க்கு இடம் விட்டு நின்றேன்.

மேலே போனதும் நம்ம பெண்ணிடம் சொன்னேன். அவள் புருஷனைப் பார்த்தாள். கோயமுத்தூர்க்காரர். ஐ.டி. வேலை. அவர் முகம் சுண்டிப்போனது.

“தப்பு என்னுதுங்க. பாயி வர்றாங்க, கேட் ஆப்ல போட்டு வைங்கன்னு சொன்னா. வேலைக்கு வர்ற பாயின்னு நெனச்சு அந்த லிஸ்ட்ல போட்டுட்டனுங்க.”

“பத்து வருஷம் ஆச்சு புனே வந்து. பாயின்னா டீச்சர்னு தெரியாதா உனக்கு?”

“எங்கூர்ல பாயின்னா விரிச்சுப் படுக்கறது. எனக்கென்ன தெரியும்?”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தெரியாமல் செய்தவர். அதை அங்கேயே விட்டேன். தெரிந்தே செய்தவரை அதற்கு அப்புறம்தான் பார்த்தேன்.

டீச்சர்கள் மூன்று பேர் வந்திருந்தோம். ஹெட்மிஸ்ட்ரஸ், கணக்கு சார், நான். மூன்று பேருக்கும் சால்வை, தேங்காய். ஹெட்மிஸ்ட்ரஸை நாங்கள் மோட்யா பாயி என்போம், பெரிய பாயி. அவர் முதலில் பேசினார். வேலைக்குச் சேர்ந்த அன்று வகுப்பில் ஒரு வார்த்தை வராமல் பாத்ரூமில் போய் அழுததைச் சொன்னார். நன்றாக இருந்தது.

அப்புறம் கணக்கு சார். சாக்பீஸ் தூளில் நெஞ்சு கெட்டது, அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் போன் பண்ணுவது எல்லாம் சொன்னார். பிறகு என் பக்கம் கை காட்டினார்.

“ரிசல்ட் எப்படி வந்தது தெரியுமா? பாயியிடம் போவேன். பாயி, உங்கள் பீரியடைக் கொடுங்கள் என்பேன். கொடுத்துவிடுவார். பாயிக்கு சம்பளத்தோடு ஓய்வு, உங்களுக்கு அல்ஜீப்ரா. அந்தக் கந்தலைத் தைத்துக்கொண்டே இருந்திருந்தால் இன்றைக்குப் பாணேரில் ஃப்ளாட் வாங்கியிருப்பீர்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். நம்ம பெண்ணும் சிரித்தாள்.

சார் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. தீபாவளி லீவு முடிந்து ஸ்கூல் திறந்த வாரமே என் வகுப்புக் கதவில் வந்து நிற்பார். “சிந்த்யா ஆவரா” என்பார். கந்தலை எடுத்து வையுங்கள் என்று அர்த்தம். பிள்ளைகள் கையில் பாதி தைத்த காஜா இருக்கும். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கணக்கு நோட்டை எடுப்பார்கள். நான் வெளியே போவேன். பரீட்சை முடியும் வரை அந்த பீரியட் திரும்பி வராது.

சார் இப்படி எடுத்த முதல் வருஷம் மோட்யா பாயியிடம் போய்ச் சொன்னேன்.

“பாயி, உங்க பாடத்துல யாராவது ஃபெயில் ஆவாங்களா?” என்று கேட்டார்.

எப்படி ஆவார்கள்? எல்லாருக்கும் ‘ஏ’ போடச் சொன்னதே அவர்தான். ஒரு தடவை ஒரு பையன் டெய்லரிடம் கொடுத்து மெஷினில் அடித்த தலையணை உறையைக் கொண்டுவந்து நீட்டினான். கையால் தைக்க வேண்டியது. ‘டி’ போட்டேன். மறுநாள் ரிஜிஸ்டரில் அது ‘ஏ’ ஆகியிருந்தது, பச்சை மையில். ஸ்கூலில் பச்சை மைப் பேனா ஒருவரிடம்தான் உண்டு. அதற்கு மேல் நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

காஜா தைத்த பெண் இதே பிள்ளைகளோடு படித்தவள். அவளுக்குக் கணக்கு வராது. சார் தினமும் அவளை வெளியே நிறுத்துவார். என் வகுப்பில்தான் உட்கார்ந்து தலை நிமிர்ந்து இருப்பாள். பத்தாவதில் தீபாவளிக்கு அப்புறம் என் பீரியடையும் சார் எடுத்தார். அதிலும் அவளை வெளியே நிறுத்தினார். தையல் வகுப்புக்குள்ளே கணக்கு நடக்கும். வராந்தாவில் நானும் அவளும் நிற்போம்.

“பாயி, உங்களையும் வெளிய நிறுத்திட்டாரா?” என்று ஒரு நாள் கேட்டாள். கேலி பண்ணவில்லை. நிஜமாகவே கேட்டாள். பரீட்சைக்கு முன்னாலேயே ஸ்கூலை விட்டுவிட்டாள்.

மைக் என் கையில் வந்தது. மனப்பாடம் பண்ணினதை விட்டேன். இதைத்தான் சொன்னேன், மராட்டியில், இதே மாதிரி. துணியை முதல் வரிசையில் கொடுத்தேன். கை மாறிப் போனது. ஒருவரும் சிரிக்கவில்லை.

“சார் கேட்கவில்லை. நான் கொடுக்கவும் இல்லை. சண்டை போடாமல் வெளியே போனேன், அது என் தப்பு. அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று யாருக்காவது தெரியுமா?”

யாருக்கும் தெரியவில்லை. அவளைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தவர்கள்கூட இல்லை. பின் வரிசையில் ஒருவன் மட்டும், “சார் அவளை தினமும் நிறுத்துவார், ஆமாம்” என்றான்.

“அரே பாயி, மஸ்கரி கேலி,” என்றார் சார். தமாஷுக்குச் சொன்னாராம்.

“அவளை நிறுத்தினதும் தமாஷா சார்?”

துணி அவரிடம் போனது. பார்க்காமல் பக்கத்தில் தள்ளினார். நான் எழுந்து போய் எடுத்துக்கொண்டேன்.

சாப்பிட்டேன். சாப்பாட்டின் மேல் கோபம் இல்லை. திரும்பும்போது எல்லாரும் போகிற லிஃப்டில்தான் இறங்கினேன். நம்ம பெண்ணின் புருஷனும் கூடவே வந்தார், போனில் கேட் ஆப்பைத் தடவிக்கொண்டே.

“டீச்சர்னு மாத்திடறனுங்கம்மா. இருக்குதுங்க, டியூஷன் டீச்சர்னு.” அப்புறம் குரல் இறங்கியது. “அதுவும் அதே லிஸ்ட்லதானுங்க இருக்குது. வேலைக்காரம்மா, சமையல், டிரைவர், அதுக்குக் கீழ டீச்சர்.”

“பாயின்னே இருக்கட்டும். எடுக்காதீங்க.”

கேட்டில் வாட்ச்மேன் ஞாபகமாகப் பையைக் கேட்டான். அவர் தடுக்கப் போனார், வேண்டாம் என்றேன். திறந்து காட்டினேன். துணி மேலாக இருந்தது.

“யே க்யா ஹை, மௌசி?”

பக்கத்திலேயே கணக்கு சார் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்.

“காஜா. என் வகுப்புப் பிள்ளை தைத்தது,” என்றேன். அவர் காதில் விழும்படிதான் சொன்னேன்.