மூன்றாம் நிலையின் முகம்

கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என் பிழைப்பு. உத்தமபாளையத்தில் நிக்காஹ் என்றால் பெண்கள் பக்கத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். சாமிக்கென்று எடுப்பது வேறு. ஜெபமாலை உருட்டினால் எனக்குத் தூக்கம் வரும். கேமராவைக் கண்ணில் வைத்தால்தான் கும்பிடத் தோன்றும்.

இயேசு சிலுவை சுமந்து போன பதினான்கு நிலைகளைக் காட்டும் எங்கள் கோயிலின் சிலுவைப்பாதைப் படங்களைக் கரையான் தின்றுவிட்டது. தவக்காலத்துக்குள் புதிதாக எடுத்துத் தரச் சொன்னார் பங்குச்சாமியார். ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில், பந்தலுக்கு முட்டுக் கொடுக்கப் பெரிய கட்டையைச் சுமந்து வந்தவர் தடுக்கி விழப்போய், ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றினார். கட்டையைத் தோளிலிருந்து விடவில்லை. இயேசு முதல்முறை கீழே விழுகிற மூன்றாம் நிலை அப்படியே என் முன்னால் இருந்தது. எடுத்துவிட்டேன்.

அவரும் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். வீடு, கோயிலுக்குத் தெற்கே காலனியில். திருவிழாச் சப்பரம் இன்றுவரை அந்தத் தெருவுக்குள் போனதில்லை. கேமராவிலேயே படத்தைக் காட்டினேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இது கோயிலுக்குள்ள வருமாக்கா?”

“வரும். பெரிய வெள்ளிக்கு வீட்டுலயும் கூட்டிட்டு வாங்க.”

வாக்குக் கொடுத்தது நான்.

வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கூடவே மனைவி. மூவரும் மூன்றாம் நிலைக்கு எதிரே போய் நின்றோம். என் படம்தான். அதே கட்டை, அதே மண். கழுத்துக்கு மேலே மட்டும் காலண்டரில் வருகிற இயேசு, நீலக் கண்ணும் பொன்னிறத் தாடியுமாக. படங்களைச் சாமியாரிடம் கொடுத்ததோடு சரி; பிரிண்ட் போட்ட இடத்தில் முகத்தை மாற்றியிருக்கிறார்கள்.

பங்குப் பேரவைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றார். ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை.

“நெலைக்கு நெலை முழங்கால் போடணும்ல ஆத்தா. அவன் மூஞ்சிக்கு முன்னாடி எங்க வீட்டுப் பொம்பளைக முழங்கால் போடுவாகளா? சாமியாரும் சரின்னுட்டாக.”

கட்டை சுமந்தவரின் காதுபடத்தான் சொன்னார். சாமியார் அன்று என் பக்கம் திரும்பவேயில்லை.

சிலுவைப்பாதை தொடங்கியது. மூன்றாம் நிலை வந்ததும் கோயில் முழுக்க முழங்காலிட்டது. கோபத்தில் எனக்குக் கால் மடங்கவில்லை. கட்டை சுமந்தவரும் மனைவியும் முழங்காலிட்டார்கள். பெரியவரின் மனைவி எழுந்து போய், படத்தில் இருந்த பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, விரலை முத்தமிட்டுக்கொண்டார். செம்மண் அப்பிய, பெருவிரல் நகம் பெயர்ந்த பாதம்.

“ஏங்க, காலு ஒங்களுதுல்ல?” என்று மெதுவாகக் கேட்டார் கட்டை சுமந்தவரின் மனைவி.

“சும்மா இரு. அவுக காதுல விழுந்தா அதையும் மாத்திருவாக.”