கடல் பக்க ஜன்னலில் ஒரு நீல டியூப்

மீன் விற்பது சுலபம். மீன் தொட்டிக்கு வெளிச்சம் விற்பதுதான் தலைவேதனை. கடையில் நின்று வேலை செய்தவர்களுக்கு இது தெரியாததல்ல. கேட்டதைக் கொடுத்தால் பொருள் சரியில்லை என்பார்கள். சரியானதைச் சொன்னால் நமக்கு வாய் நீளம் என்பார்கள். படிப்பு முடிந்து கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மீன் தொட்டிக் கடையில் சேர்ந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆட்களோடு கதைக்கவே கூச்சப்படும் எனக்கு முதலாளி அன்ரன் அண்ணா லைட் பகுதியைக் கொடுத்தார்.

மாமியின் குடை

கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். வீட்டு ஹோலில் கடல்நீர்த் தொட்டி, உள்ளே உயிர்ப் பவளம். ஆகக் கூடின பவர் லைட் வேண்டும் என்றார். தொட்டி ஆழம் குறைவு, அவ்வளவு வெளிச்சத்தில் பவளம் வெளிறிவிடும் என்று சொன்னேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை. விளையாட்டு மைதானத்துக்குப் பொருத்தமான ஒன்றை வாங்கிப் போனார்.

அடுத்த கிழமை அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். “பவளம் வெள்ளையாப் போனது பரவாயில்லை, பிள்ளை. மாமி குடை பிடிச்சுக்கொண்டெல்லோ டீவி பாக்கிறா.”

காணாமல் போன வெயில்

செல்வி அக்கா வங்கியில் கிளார்க். கணவர் சரக்குக் கப்பலில் வேலை. புறப்படுமுன் அவர் கடல் பக்க ஜன்னலோரம் தொட்டி வைத்து, ஒரேயொரு பவளத்தை வளர்த்துவிட்டுப் போயிருந்தார். லைட் எதுவும் இல்லை, பின்னேர வெயில்தான். அவர் போன பிறகு பக்கத்துக் காணியில் ஃப்ளாட் எழும்பி வெயிலை மறைத்தது. பவளம் சுருங்கத் தொடங்கியது. அக்கா குசினியில் சமைக்க எரியும் டியூப்லைட்டைக் கழற்றித் தொட்டிக்கு மேல் கட்டினா. பாசிதான் செழித்தது.

“அந்த வெளிச்சம் எனக்குப் பேப்பர் வாசிக்கக் காணுது, இதுக்குக் காணாதோ?” என்று கடைக்கு வந்து கேட்டா. கடலுக்குள் ஆழம் போகப் போக நீல வெளிச்சம்தான் மிஞ்சும், பவளம் அதற்குப் பழகியது என்று விளக்கினேன். ஒரு நீல டியூப்பும் ஒரு வெள்ளை டியூப்பும் எடுத்துக் கொடுத்தேன். அக்கா டியூப்புகளைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு சொன்னா: “இது விரிஞ்சிருக்கிற வரைக்கும் அவரும் அங்கை சுகமா இருக்கிறார் எண்டு எனக்கொரு நினைப்பு, தங்கச்சி.”

சென்ட்ரியில் இருந்து இரண்டு பேர்

பவளம் விரிந்தது. ஆனால் அக்கா வேலையால் வந்த பிறகுதான் லைட் போடுவா. இருட்டில், கடலைப் பார்த்த ஜன்னலில், ஒரு தமிழ் வீட்டில் நீல வெளிச்சம் தினமும் எரிந்து அணைந்தால் யாருக்கு என்ன தோன்றும் என்று அக்காவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. யாரோ தெருமுனை ஆமிக் காவலில், அந்தச் சென்ட்ரியில், சொல்லிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை இரண்டு ஆமிக்காரர் அக்காவைக் கடைக்கே கூட்டிவந்தார்கள். அக்கா யாழ்ப்பாணம், சிங்களம் தட்டுத்தடுமாறும். அன்ரன் அண்ணா கோயில் திருநாளுக்குப் போயிருந்தார்.

“கடலில் யாருக்குச் சிக்னல்?” என்று மூத்தவர் சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் வரும், ஆனால் வாயால் விளக்குவதைவிடக் காட்டுவது சுலபம். கடை லைட்டுகளை அணைத்துவிட்டு, எங்கள் தொட்டியின் நீல டியூப்பை மட்டும் போட்டேன். பவளம் பச்சையாக மினுங்கியது. அதைக் காட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். மூத்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது, தங்கையைக் கூப்பிடும் சிங்களச் சொல்லால் என்னைக் கூப்பிட்டார். “அழகாத்தான் இருக்கு, நங்கி. ஆனா ராவில இதைப் போடச் சொல்லாதே. அடுத்த முறை வாறது நானா இருக்காது.”

பகல் டைம்

பவளத்துக்கு எந்த நேரம் என்பது முக்கியமல்ல, ஒழுங்காக ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். ஆகவே டைமர் பூட்டி, லைட்டைப் பகலுக்கு மாற்றினோம். அக்கா வங்கிக்குப் போன பிறகு எரியும், வீடு திரும்புமுன் அணையும். பவளம் தப்பியது. ஆனால் அது விரிந்திருப்பதை அக்கா சனி, ஞாயிறில்தான் பார்க்கலாம்.

மற்ற நாட்களில் மத்தியானம் கடைக்குப் போன் வரும். “தங்கச்சி, இப்ப விரிஞ்சிருக்கும் என்ன?” நான் ஓம் என்பேன்.

இன்னும் பவர் கூடினது

ஒருநாள் அக்கா, வெயிலில் கறுத்த நெட்டையான ஒரு மனிதரோடு வந்தா. கப்பலால் திரும்பி வந்த கணவர். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் கேட்டார்: “இவ பயந்து பயந்து வளர்த்திருக்கிறா. செத்தா இன்னொண்டு வாங்கியிருக்கலாம். தங்கச்சி, இதைவிடப் பவர் கூடின லைட் இருக்கோ? அடுத்த முறை நான் வரேக்கை பெரிசா இருக்கவேணும்.”

நான் லைட் அடுக்கிய ராக்கையைத் திரும்பிப் பார்க்குமுன், அவர் ஏற்கெனவே கையில் எடுத்திருந்த லைட் பெட்டியை அக்கா வாங்கி மேசையில் வைத்தா. “இருக்கிற லைட் காணும். திரும்பக் கப்பலுக்குப் போறதெண்டா தொட்டியையும் கொண்டு போங்கோ.”

எந்த லைட் நல்லது என்று யாராவது கேட்டால், தொட்டியின் ஆழத்தைக் கேட்பதற்கு முன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுதான் நான் இப்போது கேட்கிறேன்.