பாவடியில் காய்த்த அரசாணி

எங்கள் தெருவிலேயே பெரிய அரசாணிக்காயைக் காய்க்க வைத்தவர் என் அப்பாதான். இதை யாராவது மறுத்தால் இந்த வயதிலும் சண்டைக்கு வருவேன். மஞ்சள் பூசணியை எங்கள் பக்கத்தில் அரசாணி என்போம். எங்கள் தெரு குமாரபாளையத்து நெசவாளர் தெரு என்பதையும், அதற்குமுன் அங்கே எவரும் ஒரு மிளகாய்ச் செடிகூட வளர்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட்டால், போட்டி எவ்வளவு கடுமையானது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

சண்டைக்காலம் அது. எங்கோ வெள்ளைக்காரர்கள் அடித்துக்கொண்டதற்கும் எங்கள் வீட்டுத் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. நூல் வரத்து குறைந்தது, பிறகு நின்றே போனது. தெருவில் ஒவ்வொரு தறியாகச் சத்தம் ஓய்ந்தது. கடைசியில் பாவடியும் காலியானது. பாவடி என்பது தெருக்கோடியில் இருந்த பொது மைதானம். தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை நீளமாக விரித்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பது அங்கேதான். பாவே இல்லாதபோது பாவடி எதற்கு என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, அதைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். நூல் வரும்வரை காய்கறி போட்டுக்கொள்ளலாம்.

பெரியவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்கள். எனக்கோ கொண்டாட்டம். தறி ஓடிய நாளெல்லாம் அப்பாவின் இடுப்புக்கு மேற்பட்ட பாதியைத்தான் நான் பார்த்திருந்தேன். மீதிப் பாதி தறிக்குழிக்குள் இருக்கும். விடிவதற்கு முன்னால் இறங்கினால் சோற்றுக்குத்தான் எழுந்து வருவார். அந்த வருஷம்தான் முழு அப்பாவும் எனக்குக் கிடைத்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பாவடிக்கு நடக்க, பின்னாலேயே நான் சொம்பைத் தூக்கிக்கொண்டு போவேன்.

மண் கல்லாய்க் கிடந்தது. தலைமுறை தலைமுறையாக மிதித்து இறுகிய தரை. அப்பா இரண்டு கொத்துப் போட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வார். தறியில் நாடா எறிந்து பழகிய கை, கொப்புளம் கட்டிக்கொண்டது. ஆனாலும் பேச்சுக்குக் குறைவில்லை.

“பாவுல சொட்டுன கஞ்சியக் காலங்காலமா குடிச்ச மண்ணுடி இது. வெளையாம எங்க போயிரும்?” என்றார் அம்மாவிடம்.

“அந்தக் கஞ்சிய நாம குடிச்சிருந்தா இந்த வெயில்ல நின்னு கொத்தோணும்னு இல்லீங்க” என்றாள் அம்மா. அவள் வாய் அப்படி.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. அப்பா பாத்தி கட்டினார். பார்க்கவேண்டுமே அந்தப் பாத்தியை! முளைக்குச்சி அடித்து, நூல் பிடித்து, ஒரு விரற்கடை கோணல் இல்லாமல் கட்டியிருந்தார். பக்கத்துக் கீற்றுக்காரர்கள் கீரை விதையை மணலோடு கலந்து விசிறிவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு அந்த அலட்சியம் ஆகவில்லை. குந்தி உட்கார்ந்து, வரிசை வரிசையாக, நெருக்க நெருக்கமாக விதைத்தார். நல்ல துணிக்கு நெருக்கம்தான் அழகு என்பது அவர் கணக்கு.

அத்தனையும் முளைத்தன. அத்தனையும் முளைப்பது ஆகாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. பச்சைப் பாய் விரித்ததுபோல் இருந்தது. நான் தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டினேன். பிறகு நாள் போகப் போக மற்றவர்கள் கீரை இலை விட்டது. எங்கள் கீரை நூல் நூலாக மேலே மட்டும் போனது.

வைகாசியில் அடுத்த தெருக் கல்யாணத்துக்கு அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். திருச்செங்கோட்டில் வாழ்க்கைப்பட்டவள். மாமா அங்கே பெரிய ஜவுளி வியாபாரி. கிணறும் தோட்டமும்கூட உண்டு. கழுத்து நிறைய நகையும் வாய் நிறைய சிரிப்புமாக எங்கள் பாத்தி முன்னால் வந்து நின்றாள்.

“ஏண்டா தம்பி, கீரை போட்டிருக்கறயா, பாவு விரிச்சு வெச்சிருக்கறயா? பாதியப் புடுங்கிக் கலைச்சு உட்டாத்தாண்டா மிச்சம் தேறும்.”

“நல்லாருக்கற எழைய எவனாச்சும் புடுங்கிப் போடுவானாக்கா?” என்றார் அப்பா. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அறுந்த இழையை எடுத்துக் கட்டித்தான் அவருக்குப் பழக்கம். அறாத இழையை அறுத்து எறிய அவர் கை வரவே வராது. கடைசிவரை ஒரு நாற்றைக்கூடப் பிடுங்கவில்லை. அந்தக் கீரையை அம்மா கடைந்தபோது சட்டியில் தண்டு இருந்தது, தண்ணீர் இருந்தது, கீரையைத்தான் தேட வேண்டியிருந்தது.

அன்றைக்கு அத்தை புறப்படும்போது ஒரு பேச்சு நடந்தது. அத்தை வருஷம் தவறாமல் ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் தலை முழுக வருவாள். அன்று அப்பா தன் கையால் நெய்த சேலை ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பார். அவளுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து அந்தப் பிறந்த வீட்டுச் சீர் நின்றதே இல்லை.

“இந்த ஆடிக்கு நான் வல்லீடா தம்பி. அங்க வேல கெடக்குது” என்றாள் அத்தை, வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏன் வரமாட்ட? சேலை இல்லீன்னா அண்ணந்தம்பி ஊடு இல்லாமப் போயிருமா? நீ வரோணும். எம் பாத்தியில வெளைஞ்சதுலயே உனக்கு விருந்து வெப்பேன். சீரும் வெப்பேன்.”

அத்தை சக்கரத்தை விட்டுத் திரும்பி அவர் தோளைத் தட்டினாள். “வாரேன் சாமி” என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். விருந்து என்ற சொல்தான் என் காதில் விழுந்தது.

கீரை கைவிட்டது. பக்கத்துப் பாத்தியில் போட்ட வெண்டையைக் கோடைக் காற்று சாய்த்தது. விருந்துக்கு மிஞ்சியது பாத்தி ஓரத்தில் ஓடிய ஒரே ஒரு அரசாணிக் கொடி. அந்தக் குழியிலும் அப்பா தம் வழக்கப்படி கைநிறைய விதை போட்டிருந்தார். நல்லவேளையாக ஒன்றைத் தவிர எதுவும் முளைக்கவில்லை. முளைக்காத விதைகளுக்குத்தான் நாங்கள் கும்பிடு போடவேண்டும். கொடி கைகால் நீட்டிப் படர்ந்து இரண்டு பிஞ்சு பிடித்தது. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பார்கள். நான் காவலுக்கு உட்கார்ந்துகொண்டு, பார்க்க வந்தவர்கள் விரலையெல்லாம் மடக்க வைத்தேன். மடக்காதவர்களை உள்ளேயே விடவில்லை.

ஆனி பிறந்ததும் மேல்காற்று வீசத் தொடங்கியது. எங்கள் ஊர் ஆனிக் காற்று ஆளையே தள்ளும். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கொடி மல்லாந்து கிடந்தது. வேர்ப்பக்கம் தண்டு முறுக்கிக் கிழிந்து, ஒரு பக்கத்து நாரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இலையெல்லாம் வாடத் தொடங்கிவிட்டது. நான் தரையில் புரண்டு அழுதேன். அப்பா அழவில்லை.

விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். நேரே தறிக்குப் போனார். பாவு நெய்து முடிந்த பிறகும் அதன் கடைசி நுனி, இழைகள் கோத்திருக்கும் அச்சிலேயே நிற்கும். அடுத்த பாவு வரும்போது புது இழைகளை அந்தப் பழைய நுனியோடுதான் ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். அது நிற்கிறவரைக்கும் தறி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்பா அதன் ஓரத்திலிருந்து கொஞ்சம் அரக்கு நிற நூலை அறுத்தார்.

“ஏனுங்க! அச்சுல கை வெச்சுப்போட்டீங்களே!” என்று அம்மா மார்பில் கைவைத்துக்கொண்டாள்.

“ஓரந்தானே. புது நூலு வந்தா சேத்துக்கலாம் போ.”

திரும்பி வந்து மண்ணில் மண்டியிட்டார். கிழிந்த தண்டை நாரோடு நார் சேரும்படி பொருத்தி, கஞ்சிப் பசை தடவி, நூலைச் சுற்றினார். மண்வெட்டி பிடித்தபோது தடுமாறிய அந்த விரல்கள் நூலைத் தொட்டதும் எப்படி ஓடின என்கிறீர்கள்! இறுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சு விழுந்தது. மேலே ஈர மண்ணை அணைத்து, என் பாவாடைத் துணி ஒன்றை நிழலுக்குக் கட்டினார்.

தெருவே சிரித்தது. “தறிக்கு நூல் இல்ல, கொடிக்கு நூல் சுத்தறாரு பாரு” என்றார்கள். சிரிக்கட்டும் என்று நானும் அப்பாவும் மாறி மாறித் தண்ணீர் சுமந்தோம். கொஞ்ச நாள் கொடி சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. பிறகு ஒரு காலையில் நுனி தலைதூக்கிப் புது இலை விட்டிருந்தது. நான் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கத்திக்கொண்டே ஓடினேன். சிரித்தவர்கள் வீட்டு வாசலில் மட்டும் நின்று கத்தினேன்.

ஆடிப் பதினெட்டு. காவிரி கரை புரண்டு போனது. மாமாவும் அத்தையும் வில்வண்டியில் வந்து இறங்கி, ஆற்றில் முழுகிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு காயில் பெரியது அடுப்படிக்குப் போனது. அரிவாள்மனையில் அம்மா பிளந்தபோது உள்ளே மஞ்சளாகப் பளபளத்தது. தட்டைப்பயறு போட்டு அவள் குழம்பு வைத்தாள். பொரியலை நான்தான் செய்வேன் என்று அப்பா அடுப்பின் முன் உட்கார்ந்துவிட்டார்.

“உங்களுக்கு அடுப்பு வேல என்னங்க தெரியும்?”

“பாவுக்குக் கஞ்சி காச்சற கை இது. கட்டி தட்டாமக் கிண்டுவேன், பாரு.”

கட்டி தட்டவில்லை என்பது உண்மைதான். அவர் கிண்டிய கிண்டலில் பொரியல் களியாகிவிட்டது. பாவில் பூசியிருந்தால் நன்றாகப் பிடித்திருக்கும். இலையில் அது வழிந்து சோற்றுக்குள் ஓடியது. அத்தை அதையே மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. சோற்றை அள்ளும்போதெல்லாம், “இது எங்க காயிங்க அத்தை, இதுவும் எங்க காயிங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. அத்தை கட்டியிருந்தது பழைய சேலை. அரக்கில் பச்சைக் கரை போட்டது. போன ஆடிக்கு அப்பா நெய்து கொடுத்தது. எத்தனையோ தடவை துவைத்து நிறம் மங்கியிருந்தது. எங்கள் வீட்டில் இவ்வளவு பெரிய விருந்து நடக்கிறது, பட்டுக் கட்டிக்கொண்டு வரவேண்டாமா?

“ஏனுங்க அத்தை, விருந்துக்குப் பழைய சேலையிலயா வந்திருக்கறீங்க?” என்று கேட்டே விட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

“இதைவிட நல்ல சேலை எங்கிட்ட இல்லீங் கண்ணு” என்றாள் அத்தை.

பிறகு அப்பா தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, நடுவில் சேலை இருக்கும் இடத்தில் அந்த இரண்டாவது அரசாணி. எண்ணெய் தடவித் துடைத்து வைத்திருந்தார். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல அந்தக் காயையும் ஒற்றிக்கொண்டாள். அவ்வளவு கனமான காயை எதற்குக் கண்வரைக்கும் தூக்குகிறாள் என்று நான் பார்த்தேன்.

நானும் அப்பாவும் பாவடிவரை வழியனுப்பப் போனோம். அத்தை அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்தக் கொடியைப் பார்க்க இறங்கினாள். மண்ணை விலக்கி, முடிச்சை விரலால் தடவினாள். “கட்டு நின்னுக்கிச்சேடா தம்பி” என்றாள். அன்றைக்குக் காற்று வேறு, கண்ணில் தூசி விழுந்திருக்க வேண்டும். துடைத்துக்கொண்டே வண்டி ஏறினாள். அரசாணியை மாமாவிடம்கூடக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு காய்க்கு இப்படி ஆசைப்படுகிறாளே! வண்டி திரும்பியதும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “மாமா ஊட்டுல துணிமணிக்கே கஷ்டமாட்டம் இருக்குதுங்கப்பா. நீங்க நெய்ஞ்ச பழைய சேலையத்தான் கட்டிட்டு வந்திருக்கறாங்க. நாம இன்னொரு காய் காய்ச்சாலும் அத்தைக்கே குடுத்தர்லாமுங்க. நமக்குத்தான் நெறைய இருக்குதே.”

அப்பா சிரித்தாரா, செருமினாரா என்று தெரியவில்லை. “குடுத்தர்லாஞ் சாமி” என்று என் தலையைத் தடவினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெரு நடுவில் வீட்டுக்கு நடந்தார். வந்ததும் நேரே தறியண்டை போய், நூலே இல்லாத அந்தத் தறியைத் துணியெடுத்துத் துடைக்கத் தொடங்கினார். கட்டை கட்டையாக, அச்சின் ஓரம்வரை, விட்ட இடம் இல்லாமல் துடைத்தார். இத்தனை பெரிய விருந்து போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்காமல், நாளைக்கே நூல் வரப்போவதுபோல் எதற்காக இந்த மனுஷன் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.