நகல் எடுக்காமல் தொட மாட்டேன்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தொழிலில் பழுதைவிடக் கஷ்டமானது, "முதல்ல பேக்கப் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்ப்பது. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. வீட்டுக்கு கேமரா மாட்டி, படத்தைக் கம்ப்யூட்டரில் பதிகிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் உண்டு. அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் என்னிடம் வரும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் எழுந்துகொள்ளும். ஆனால் கேமரா சாஃப்ட்வேரின் பதிவு, செட்டிங், பாஸ்வேர்டு எல்லாம் அதோடு போய்விடும். அதனால் நகல் எடுக்காமல் நான் கை வைப்பதில்லை. திட்டினாலும் சரி, வேறு கடைக்குப் போனாலும் சரி.

மாப்பிள்ளை போட்ட பூட்டு

மேல்மலையனூரில் கோயிலருகே வீட்டோடு தேங்காய்க்கடை வைத்திருக்கும் ஒருவர், அமாவாசைக்கு முந்தின நாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கும்பல் வர்றதுக்குள்ள கேமரா ஓடணும். அழிச்சிட்டுப் போட்டுக் குடு." கேமரா பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். மாட்டியது மூத்த மாப்பிள்ளையாம். இவர் வீட்டுக் காதுகுத்து விசேஷத்தில் பந்தியில் தன்னைக் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவர். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

"அது இல்லாமயே போடு" என்றார். போட்டால் ஒரு கேமராகூடத் திறக்காது என்றேன். "நான் இன்னாத்துக்கு அவங்கிட்ட கேக்கணும்?" "அப்ப வண்டியில ஏத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையை எடுத்தேன். வெளியே போய் நின்றார். ஜூஸ் குடித்தார். கடைசியில் போனை எடுத்து, "மாப்ள, சாப்டீங்களா?" என்று ஆரம்பித்தார். நெடுநேரம் பேசினார்கள். திரும்பி வந்து என் காதருகே குனிந்து சொன்னார்: "பாஸ்வேர்டா எம் பொண்ணு பேரத்தான் வெச்சிருக்கான். தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ரெண்டு அப்பளம் சேத்துப் போட்டிருப்பேன்."

ஆரோக்கியமேரி அக்காவின் வாசல்

ஆரோக்கியமேரி அக்காவின் மகன் துபாயில் இருக்கிறான். அங்கிருந்து போனில் வீட்டைப் பார்ப்பதற்காகக் கேமரா மாட்டிக் கொடுத்திருந்தான். அக்காவின் வீட்டுக்காரர் இறந்து சில மாதங்கள் கழித்து அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று கொண்டுவந்தார். "அதுல ஒண்ணும் இல்ல பாப்பா, வாசப்படிதான் தெரியும். அழிச்சிடு" என்றார். முடியாது என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இடம் நிரம்பினால் பழைய படத்தைத் தானே அழித்துவிடுகிற சாஃப்ட்வேர் அது. முதலில் பதிவதை நிறுத்தினேன். மிஞ்சியிருந்த பழைய பதிவைத் திறந்தால், அக்காவின் வீட்டுக்காரர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைக்குக் கிளம்புமுன் தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்துக் கையாட்டுகிறார், மகனுக்கு. ஒரு நாள் அல்ல, பதிவு கிடைத்த நாளெல்லாம். அந்தச் சாஃப்ட்வேரில் மட்டும்தான் திறக்கும் படம் என்பதால், போனிலும் பார்க்கிற மாதிரி மாற்றி எடுத்தேன். மறுநாள் வந்த அக்காவை உட்கார வைத்து ஓடவிட்டேன். அழவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: "மவனுக்குக் கையாட்டுறாரு. எனக்குக் 'கதவச் சாத்திக்கோ'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போவாரு. அந்தச் சத்தம் வருதான்னு பாரு பாப்பா."

"ஒண்ணும் வேணாம், அழி"

பேக்கப் வேண்டாம் என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்ன ஆள் தனசேகர்தான். வல்லத்திலிருந்து வந்திருந்தார். கம்ப்யூட்டரின் முதுகில் என் கடை ஸ்டிக்கர். வசந்தா அக்கா வீட்டில் நானே மாட்டியது. கணவரை இழந்து, பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கிறவர். தனசேகர் அவர் கணவரின் அண்ணன்.

"ஹேங் ஆவுது" என்றார். போட்டுப் பார்த்தேன், நன்றாகவே ஓடியது. "அக்கா சொல்லட்டும், அழிக்கிறேன்" என்றேன். "எங்க வீட்டுப் பொருளுக்கு அவ இன்னா சொல்றது? நீ இந்த ஊர்ல கடை நடத்த வேணாமா?" என்றார். தனி டிஸ்க்கைச் சொருகி நகலை ஆரம்பித்துவிட்டு, வசந்தா அக்காவுக்குப் போன் போட்டேன். வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் போனதே அவருக்குத் தெரியாது. தனசேகர் வயரைப் பிடுங்க வந்தார். "தொட்டுப் பாருங்க, இங்கயும் கேமரா இருக்குது" என்றேன். கையை எடுத்துக்கொண்டார்.

சமையல் புடவையோடு மொபட்டில் வந்து சேர்ந்தார் அக்கா. மழையில் விழுந்துவிட்டதாகத் தனசேகர் சொல்லியிருந்த அக்கா வீட்டுப் பக்கச் சுவர், அவர் மனையை ஒட்டி நின்றது, திரையில் நல்ல வெயிலில் பொக்லைன் இடித்து விழுந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நின்று கை காட்டியவர் தனசேகர். நகலை எடுத்துக்கொண்டு அக்கா நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போனார். விசாரணைக்குக் கூப்பிடுவதற்குள் அதே இடத்தில் சுவரைக் கட்டிக் கொடுத்துவிட்டார் தனசேகர். ஆனால் அன்றைக்கு என் கடையில் அக்கா அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "மழ வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்தத இப்பதான் மாமா பாக்குறேன்."

"அவகிட்ட போனா சீக்கிரத்துல அழிச்சித் தர மாட்டா" என்று செஞ்சி முழுக்க எனக்கு ஒரு கெட்ட பேர் இருக்கிறது, அதை மட்டும் திருத்திக்கொள்வதாக இல்லை.