மச்சான் கேட்ட பூமழை

சிவகாசியில் எனக்குக் காலண்டர் அச்சகம். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் விமானம் ஓட்டும் ஆசை வந்தது. சீசன் முடிந்து மிஷின்கள் ஓய்ந்திருக்கும் மாதங்களில், காரில் இரண்டு மணி நேரம் போனால் வருகிற ஒரு பயிற்சிக் கழகத்துக்குப் போய் வந்து, ஒரு வழியாக லைசென்ஸ் வாங்கினேன். இரண்டு பேர் உட்காரக்கூடிய, ஒற்றை இன்ஜின் விமானம். வாடகைக்கு எடுத்துக் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, இறக்கி நிறுத்திவிட்டு வீடு திரும்புவேன். "ஆளுக சீட்டாடப் போவாக, எங்க வீட்டுல ஏரோப்ளேன் ஓட்டப் போறாக" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அங்கே என்னோடு பயிற்சி எடுத்தவர்களில் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். "ஏனுங்க சிவகாசி, இன்னைக்கு வெடிக்காம எறங்கிருவீங்களா?" என்று கேட்டுத்தான் காலையைத் தொடங்குவார். லைசென்ஸ் வாங்கிய மறு வருடம் அவர் இறந்துபோனார். தங்கையின் தோட்டத்துக்கு மேலே தாழப் பறந்திருக்கிறார். வீட்டு ஆட்கள் வெளியே ஓடிவந்து கையசைத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை பார்க்கலாமென்று வேகம் குறைந்திருந்த நேரத்தில் ஒடித்துத் திருப்ப, இறக்கைக்குக் காற்றின் பிடிப்பு விட்டுப்போனது. கொஞ்சம் உயரம் இருந்திருந்தால் நிமிர்த்தியிருக்கலாம். தென்னந்தோப்பில் விழுந்தது. கூட உட்கார்ந்திருந்த நண்பரும் போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனபோது அந்தத் தங்கை என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "நாங்க கையாட்டாம இருந்திருந்தா நேராப் போயிருப்பாருங்களா?"

எங்கள் பயிற்சியாளர் முப்பது வயதுப் பெண். அந்த வாரம் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். "கீழ நமக்குத் தெரிஞ்சவங்க பாத்துக்கிட்டு இருந்தா, அன்னைக்கு வழக்கத்தைவிட உயரமாப் பறங்க சார். நம்மளப் பாக்குறவங்கதான் நமக்குப் பெரிய ஆபத்து."

இப்படி இருக்கும்போதுதான் என் மனைவியின் அண்ணன், ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர், புது வீடு கட்டி முடித்தார். பால்காய்ப்புக்கு அழைக்க வந்தவர், தாம்பூலத் தட்டைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, நீங்க கார்ல வர வேணாம். மேல வாங்க. வீட்டுக்கு மேல தாள வந்து ஒரு கூடை பூவைக் கொட்டிட்டுப் போங்க. சாத்தூர் வரைக்கும் சொல்லி வச்சுட்டேன்."

"முடியாது மச்சான். அதுக்கு அனுமதி கெடயாது. கெடச்சாலும் நா செய்ய மாட்டேன்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. திருப்பூர்க்காரரின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவரு புதுசா ஓட்டியிருப்பாரு" என்றார்.

"நானும் அவரும் ஒண்ணாப் படிச்சவங்கதான். சரி, உங்க வெடிமருந்து ரூமுக்குள்ள இம்புட்டுப் பேர்தான் இருக்கணும்னு வச்சிருக்கீகள்ல, மந்திரி வந்தா ஒரு ஆளைக் கூடுதலா விடுவீகளா?"

"எவன் வந்தாலும் விட மாட்டேன்."

"எனக்கும் அப்படித்தான் மச்சான்."

காபியை ஆற்றி ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, "சரி, ஒசரத்துலயே வாங்க. புள்ளியாத் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

"வாரேன். ஆனா நா மேல இருக்கும்போது நீங்க ராக்கெட் விடக் கூடாது."

அதற்குத்தான் அவர் சிரித்தார்.

பால்காய்ப்பு அன்று மனைவியை முன்னாலேயே அனுப்பிவிட்டு விமானத் தளத்துக்குப் போனேன். வழிக்கும் உயரத்துக்கும் அனுமதி கையில் இருந்தது. வானம் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. எங்கள் இன்ஜினில் தீப்பொறி கொடுக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது தாங்க வேண்டும். ஓடுபாதையில் ஓடுவதற்கு முன் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம். முதலாவதை அணைத்தேன், சரியாக இருந்தது. இரண்டாவதை அணைத்ததும் விமானம் மொத்தமும் குலுங்கியது. மறுபடி பார்த்தேன். அதே குலுக்கல்.

இரண்டும் சேர்ந்து ஓடும்போது இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. அதுதான் ஆசை காட்டியது. ஒன்றரை மணி நேரத்தில் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது. சாத்தூர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாரே! எத்தனை பேர் அண்ணாந்து நிற்பார்கள்! அண்ணாந்து நிற்பவர்களை நினைத்ததும் அந்தத் தென்னந்தோப்பும் நினைவுக்கு வந்தது. இன்ஜினை அணைத்தேன். மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஆகாது சார்" என்றார். மனைவிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மச்சானும் எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

புது வீட்டு வாசலில் இறங்கினால் தெருவெல்லாம் சிவப்புக் காகிதக் குப்பை. மச்சான் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

"என்னா ஒசரம் மாப்ள! சொன்ன மாதிரி வந்துட்டீகளே! நீங்க தாண்டிப் போன பெறகுதான் சரத்தைக் கொளுத்தினோம்."

"நா கெளம்பவே இல்ல மச்சான். இன்ஜின் மக்கர் பண்ணிருச்சு."

"சும்மா இருங்க. ஊரே பாத்துச்சு."

மல்லாங்கிணற்றிலிருந்து வந்திருந்த ஒரு அத்தை, நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அசைத்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். தூத்துக்குடியில் இறங்கப் போன பயணிகள் விமானம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மாலை வேறு போட்டார்கள். பெயர் தெரியாத ஏதோ ஒரு விமானிக்கு விழ வேண்டிய மாலை.

மனைவி மட்டும் பக்கத்தில் வரவில்லை. பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவள், வாளியை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள்.

"அது நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும். அதுல ரெக்கைக்கு ஒரு இன்ஜின் இருந்துச்சு. என் போனு நகையோட ரூமுக்குள்ள கெடக்கு, சாவி யாருட்டன்னு தெரியல. எல்லாரும் கை தட்டுறாக. நா மட்டும் வானத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க வரவே இல்ல. பெறகு பாக்கவே பயமாயிருச்சு."

"இன்ஜின் சரியில்ல, அதான் ப்ளேன எடுக்கல" என்றேன்.

"எடுக்காம இருந்தீகளே, அது போதும்" என்றவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாலையக் களட்டாதீக, அண்ணன் வருத்தப்படும். வாங்க, எலை போட்டாச்சு" என்று முன்னால் நடந்தாள்.

மச்சான் நான் சொன்னதை நம்ப ஒரு மாதம் ஆனது. நம்பியதும், நேரில் பார்க்க வேண்டுமென்று விமானத் தளத்துக்கே வந்துவிட்டார். ஏறும் முன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். செல்போனை எடுத்து, கூட வந்திருந்த என் மனைவியிடம் கொடுத்தார். பட்டாசுக் கம்பெனி வாசலில் வருகிறவர்களையெல்லாம் அவர் செய்ய வைக்கிற காரியம். அதெல்லாம் வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

நான் இன்ஜினை ஓட்டி, தீப்பொறி ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன.

"இன்னொருக்க பாருங்க மாப்ள" என்றார். பார்த்தேன்.

"இன்னும் ஒருக்க."

மூன்றாவது முறையும் பார்த்த பிறகுதான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, "ம், இப்பப் போங்க" என்றார். மேலே போனதும் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவருக்கு, கை தெரியாத உயரத்திலிருந்து, திரும்பும் வரை மச்சான் கையசைத்துக்கொண்டே வந்தார்.