நாற்பத்தொன்று எஸ்கேப்

பிரணவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல கட்டம் போடறான்" என்பாள் அவன் அம்மா. பெரிய தப்பில்லை. டிப்ளமாவில் மூன்று அரியரோடு வெளியே வந்தவனை, தி. நகரில் டோக்கன் மெஷின் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று சேர்த்துக்கொண்டது. மெஷின் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று அவன் கட்டமும் அம்புமாக வரைவான். அதிலிருந்து புரோகிராம் தானாக வரும்.

மயிலாப்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்காக 'அழைப்பு' என்று பெரிய கட்டம் போட்டான். அதற்குள் மூன்று முறை எண் பலகையில் மின்னும், குரல் கிடையாது. மூன்றுக்கும் ஆள் வராவிட்டால் வெளியேற, கட்டத்தின் விளிம்பில் குறுக்குக்கோடு போட்ட குட்டி வட்டம். எக்ஸிட் பாயிண்ட் என்பார்கள். அதற்கு ஒரு பெயர் வேண்டும், அங்கிருந்து எங்கே போவது என்று ஓர் அம்பும் வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. பெசன்ட் நகர் பீச்சில் கூட்டாளிகள் காத்திருந்தார்கள். 'எஸ்கேப்' என்று பெயர் வைத்தான், அம்பை நேரே 'முடிந்தது' கட்டத்துக்கு இழுத்துவிட்டுக் கிளம்பினான். படத்தில் இருக்கும் பெயரை எவன் பார்க்கப் போகிறான்?

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கூடமே பார்த்தது. மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அவனும் வந்து உட்கார்ந்திருந்தான். படத்தில் வைத்த பெயரே பலகைக்கும் போய், '41 எஸ்கேப்' என்று சிவப்பில் விழுந்ததும் பின்வரிசையில் சிரிப்பு. தன் ஜோக்குக்கு இத்தனை பேர் சிரித்து அவன் கண்டதில்லை. அவனும் சிரித்தான்.

பக்கத்து நாற்காலியில், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்த அம்மாள் அவன் முழங்கையைத் தொட்டார். திருவல்லிக்கேணி ஹமீதுன்னிசா. போன வாரமும் டாக்டரைப் பார்க்க முடியாமல் திரும்பியவராம். டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

"நைனா, நாப்பத்தொண்ணு வந்துச்சா? போர்டுல இன்னா போட்டுகீது?"

பிரணவுக்குப் பொய் சுலபமாக வரும். அன்று வரவில்லை.

"எஸ்கேப்னு போட்டிருக்கும்மா."

"நான் இங்கதான குந்திக்கினு கீறேன்? கண்ண தொறக்கக் கூடாதுன்னு நர்சு சொல்லிச்சு." கொஞ்சம் யோசித்தார். "தொறந்திருக்கணுமா? என் தப்பா நைனா?"

"இல்லம்மா. அத எழுதினவன் நான்தான்."

எழுந்து கவுன்டருக்கு ஓடினான். அம்பைக் 'காத்திருப்பு' கட்டத்துக்குத் திருப்ப இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அது இனி வருகிறவர்களுக்குத்தான். நாற்பத்தொன்று முடிந்துபோன எண். புது டோக்கன் வாங்கினால் எழுபத்துமூன்று என்றாள் கவுன்டர் ஸ்ரீரஞ்சனி. சிரித்தவர்கள் எல்லாரும் கேட்க, அந்தம்மா எங்கேயும் போகவில்லை, துரத்தியது தன் படம்தான் என்று மன்றாடினான். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு சீட்டில் பேனாவால் 41 என்று எழுதி, நாற்பத்தேழுக்கு அப்புறம் போகச் சொன்னாள்.

முறை வந்ததும் கையைப் பிடித்து அழைத்துப்போனான்.

"எஸ்கேப்னா ஓடிப்போறதுதான?" வாசலில் கேட்டார் ஹமீதுன்னிசா. "இந்தக் கண்ண வெச்சிக்கினு நான் எங்க ஓட?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவனால் சிரிக்க முடியவில்லை.

கதவு சாத்தியதும் லேப்டாப்பைத் திறந்தான். அம்பைத் திருப்பினான். குட்டி வட்டத்தின் பெயரை அழித்து 'வரவில்லை' என்று அடித்தான். வந்துதானே இருந்தார்? அதையும் அழித்தான். 'மறுபடி கூப்பிடவும்' என்று எழுதிவிட்டு, அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக ஆட்டோ தேடக் கிளம்பினான்.